நாற்சந்தியில் ஒரு மறைவிடம்

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சைக்கிளில்தான் பள்ளிக்கு வருகிறோம். சிக்னல் விளக்கோ காவலரோ இல்லாத நாற்சந்திகளைக் கடந்துதான் வரவேண்டியிருக்கிறது. அங்கே மூலைவீட்டு மதிலும், நிறுத்தி வைத்த லாரியும் பார்வையை மறைப்பது யாவரும் அறிந்ததே. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுபவர் நம்மைக் கண்ட பின் நிற்பதற்கு, சாலைப் பொறியாளர்கள் 80 மீட்டருக்கு மேல் கணக்கிடுவார்கள். மதில் மறைத்தால் அந்தத் தூரம் எப்படிக் கிடைக்கும்?

அப்படியானால் வெட்டவெளியில் உள்ள சந்தி ஆபத்தற்றது என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். அது சரியன்று. தென் இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் என்னும் பகுதியில் இப்லி கிராஸ் என்றொரு சந்தி உண்டு. பெயரில்தான் காடு; சந்தியைச் சுற்றிலும் குட்டைப் புதர்கள் படர்ந்த திறந்த வெளி. நெடுந்தொலைவு வரை பார்வைக்குத் தடையில்லை. இருந்தும் 2011-லும் 2016-லும் அங்கே கார் மோதி, சைக்கிளில் சென்றவர்கள் உயிரிழந்தார்கள்.

இத்தகைய இடத்தில் கண்ணை மறைப்பது எது? காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண்தான். ஒன்றையொன்று செங்குத்தாய் வெட்டும் இரு சாலைகளை எண்ணிக்கொள்வோம். ஒன்றில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கார். அதன் வலப்புறத்துச் சாலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள். மோதலுக்கு 10 விநாடிக்கு முன் கார் சந்தியிலிருந்து ஏறத்தாழ 110 மீட்டரிலும், சைக்கிள் 42 மீட்டரிலும் இருக்கும். 5 விநாடிக்கு முன் 55 மீட்டர், 21 மீட்டர். இரண்டும் பாதியாகிவிட்டன; விகிதம் மாறவில்லை. வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்களேதாம்! (இவை எதற்குப் பயன்படும் என்று முணுமுணுத்தவர்கள் நாங்கள்.) ஆகவே காரோட்டிக்குச் சைக்கிள் தெரியவேண்டிய கோணமும் மாறுவதில்லை. தொடக்கத்தில் தூணுக்குப் பின் மறைந்திருந்தால், அருகில் வரும் வரை மறைந்தே வரும். தூணுக்கு வெளியே இருந்தாலும், நகராத புள்ளியைக் கண் எளிதில் பொருட்படுத்துவதில்லை.

கப்பலோட்டிகள் இதை நன்கு அறிவார்கள். எதிர்ப்படும் கப்பல் தெரியும் திசை மாறாவிட்டால் மோதும் அபாயம் உண்டு என்பது 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளிலேயே உள்ளது.

காரோட்டி தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் தூணின் மறைவு விலகும். நாமோ சந்திக்கு முன் சில விநாடி பெடலை மிதிக்காமல் வேகத்தைக் குறைத்தால் அந்த விகிதம் குலையும். மறைவிலிருந்து வெளியே வந்துவிடுவோம்.

இதை எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை பள்ளி மைதானத்தின் ஓரத்தில் காரை நிறுத்தி, இருக்கையில் அமர்ந்தார். அவள் சைக்கிளோடு மறுகோடியில் மெல்ல நடந்தாள். ஓரிடத்தில், "போதும், நில்லம்மா, உன்னைக் காணவில்லை" என்று கூவினார். அவளோ வெயிலில், அவருக்கு நேரே கையசைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.