மாகாணி சொல்லும் கணக்கு

பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நிற்கும் ஒரு மாணவியின் கையில் 50 சென் காசு ஒன்றும் 20 சென் காசு ஒன்றும் உள்ளன. மொத்தம் எவ்வளவு? எழுபது சென் என்று சிறு பிள்ளையும் தயங்காமல் சொல்லிவிடும்.

இதே கேள்வியைப் பின்னத்தில் கேட்டால் பலர் தடுமாறுகின்றனர். 50 சென் என்பது 1/2 ரிங்கிட். 20 சென் என்பது 1/5 ரிங்கிட். 1/2 + 1/5 எவ்வளவு? மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி, 2/7 என்று எழுதுவோர் உண்டு. ஆனால், 2/7 ரிங்கிட் என்பது 29 சென்னுக்கும் குறைவு. 50 சென்னோடு 20 சென் சேர்ந்த பிறகு பணம் எப்படிக் குறையும்?

தவறு எங்கே நேர்ந்தது? பின்னத்தின் கீழே உள்ள பகுதி எண், ஒரு முழுப்பொருள் எத்தனை சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. மேலே உள்ள தொகுதி எண், அவற்றுள் எத்தனை பாகங்கள் எடுக்கப்பட்டன என்பதைக் காட்டுகிறது. பகுதி எண்கள் வேறுபட்டால் பாகங்களின் அளவும் வேறுபடும். அளவு வேறுபட்ட பாகங்களை அப்படியே சேர்த்து எண்ண முடியாது. முதலில் அவற்றை ஒரே அளவுள்ள பாகங்களாக மாற்ற வேண்டும்.

2, 5 ஆகிய எண்களின் மீச்சிறு பொது மடங்கு 10. ஒரு ரிங்கிட்டைப் பத்துச் சம பாகங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு பாகமும் 10 சென் ஆகும். 1/2 ரிங்கிட்டில் அத்தகைய பாகங்கள் ஐந்து. 1/5 ரிங்கிட்டில் இரண்டு. ஆகவே, 5/10 + 2/10 = 7/10. அதாவது, 70 சென். இங்குத் தொகுதி எண்கள் மட்டுமே கூட்டப்படுகின்றன. பாகத்தின் அளவு மாறாததால் பகுதி எண்ணும் மாறுவதில்லை.

இந்தக் கணக்கு தமிழர்களுக்குப் புதியதன்று. அரை, கால் என்பன போலவே மிகச் சிறிய பின்னங்களுக்கும் தமிழில் தனிப்பெயர்கள் உண்டு. 1/20 என்பது 'மா'. 1/80 என்பது 'காணி'. 1/16 என்பது 'மாகாணி'. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி என்பதை அதன் பெயரே சொல்கிறது. இதைச் சரிபார்க்கலாம். ஒரு மாவில் நான்கு காணிகள் உள்ளன. எனவே, 4/80 + 1/80 = 5/80. இதைச் சுருக்கினால் 1/16 கிடைக்கும்.

காணியைவிடச் சிறியது 'முந்திரி'. அது 1/320 ஆகும். ஒரு காலில் 80 முந்திரி, ஒரு மாகாணியில் 20 முந்திரி, ஒரு மாவில் 16 முந்திரி, ஒரு காணியில் 4 முந்திரி அடங்கும். ரிங்கிட்டுக்குச் சென் உதவுவதைப் போல, இப்பின்னங்களைக் கூட்டுவதற்கு முந்திரி பொது அளவாக உதவுகிறது.

ஆகவே, பின்னங்களைக் கூட்டும் முன், பாகங்கள் ஒரே அளவில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கூட்டிய பிறகு, விடையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கூட்டிய பின்னங்களுள் ஒன்றைவிட விடை சிறியதாக இருந்தால், கணக்கில் எங்கோ பிழை உள்ளது என்பது உறுதி.