பன்னிருமுகியும் வெண்பாவும்

வெண்பா இயற்றப் பழகுவோர் பெரும்பாலும் ஓரிடத்திலேயே இடறுவர். ஈற்றடி செவ்வனே அமைந்திருக்கும். மூன்றாமடியில் ஒரு சீர் மட்டும் தளை தட்டும். அச்சீரை மாற்றினாலோ, முன்னின்ற சீரோடும் பின்வரும் சீரோடும் மீண்டும் தளை நோக்கல் வேண்டும். ஒன்றைத் திருத்தப் புகுந்து மூன்றைக் குலைத்தோமே என்று ஏங்கி ஏட்டை மூடிவிடுவர். அவ்வேக்கம் எத்தகையதென்பதை ஆசிரியனாகிய நான் மறந்து நெடுங்காலமாயிற்று. அதனை எனக்கு மீள நினைவூட்டியது ஒரு விளையாட்டுப் பொருள் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும்.

விடுமுறைக்கு உப்புவெளிக்கு வந்த என் தமக்கையின் மகன் அதனைக் கையோடு கொண்டு வந்தான். மெகாமிங்ஸ் என்பது அதன் பெயர். கணித நூலார் பன்னிருமுகி என வழங்கும் திண்மத்தின் வடிவினது, முகந்தோறும் ஐங்கோணம். ஹங்கேரி நாட்டு எர்னோ ரூபிக் 1974ஆம் ஆண்டில் ஆக்கிய கனசதுரப் புதிரின் வழியில், 1980களின் தொடக்கத்தில் தோன்றியது. முகங்களின் நடுவேயுள்ள 12 துண்டுகளும் தத்தம் இடம் பெயரா. அவற்றின் நிறமே அவ்வம்முகத்தின் நிறத்தை அறுதியிடும். இருநிறங் கொண்ட ஓரத்துண்டுகள் 30. மூந்நிறங் கொண்ட மூலைத்துண்டுகள் 20. இவ்வைம்பதும் முகங்களைத் திருப்புந்தோறும் இடம் மாறும். இவை அமையத்தக்க நிலைகளின் தொகையோ, 1இன் பின் 68 சுழியங்கள் இட்ட எண்ணினும் சற்று மிகுதி. கைதேர்ந்தோர் இதனை அரை நிமிடத்துக்குள் ஒழுங்கு செய்வர். எனக்கு மூன்று கிழமை சென்றது.

தொடக்கம் எளிதே. ஒரு முகத்தைத் தேர்ந்து, அதன் நடுவைச் சூழ ஐந்து ஓரத்துண்டுகளை விண்மீன் வடிவிற் பொருத்துதல் வேண்டும். ஒவ்வொரு துண்டின் மற்றை நிறமும் அயல்முகத்தின் நடுநிறத்தோடு ஒத்தல் இன்றியமையாதது. பின்னர் ஐந்து மூலைகள், பின்னர் அயல்முகங்கள், இவ்வாறு படிப்படியாய்ச் செல்லின் இறுதி முகம் ஒன்றே எஞ்சும். இதுவரை, கலைத்துவிட்டாலும் பொருந்தாத துண்டுகளுக்கு இடம் தாராளமாய் உண்டு. இறுதி முகத்திலோ அத்தகைய வெற்றிடம் இல்லை. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் ஒன்றாகவே முடிதல் வேண்டும் என்ற நியதி போன்றது அவ்விடம்.

அங்கு ஓரங்களை நேராக்கி, உரிய இடங்களிற் சேர்த்து, மூலைகளையும் இடஞ்சேர்த்த பின், திரும்பி நிற்கும் மூலைகளைச் சரிசெய்தலே கடைசிப் பணி. அதற்குரிய முறை நான்கே திருப்பம்: வலமுகத்தைப் பின்னோக்கித் திருப்புக, அதனை அடுத்த கீழ்முகத்தைப் பின்னோக்கித் திருப்புக, வலமுகத்தை முன்னோக்கி மீட்க, கீழ்முகத்தையும் முன்னோக்கி மீட்க. இதனை இருமுறையோ நான்குமுறையோ செய்ய ஒரு மூலை நேர்ப்படும். ஆறுமுறை செய்தால் யாவும் பழைய நிலைக்கே மீளும். ஆயின் முதல் மூலை நேர்ப்பட்டவுடன் கீழே நோக்கின், முன்பு ஒழுங்கு செய்த பகுதி குலைந்து கிடக்கும். மேல்முகத்தைத் திருப்பி அடுத்த மூலையை அவ்விடத்துக்குக் கொணர்ந்து, அதே நான்கு திருப்பங்களைத் தொடர்தல் வேண்டும். கடைசி மூலை நேர்ப்படும்போது கீழ்ப்பகுதியும் தானே ஒழுங்காகும்.

இதனை நான் நம்பவில்லை. குலைவைக் கண்டதும் அஞ்சி நிறுத்தினேன், கைக்குத் தோன்றியவாறு திருத்த முயன்றேன், அனைத்தும் பாழாயின. மூன்றிரவு இவ்வாறே கழிந்தது. நான்காம் இரவு அருகிருந்து பார்த்த மருமகன், "நடுவில நிப்பாட்டினதாலதான் பிழைச்சது, மாமா. முடியும்வரைக்கும் விடாமல் திருப்புங்கோ" என்றான்.

அச்சொல்லைக் கேட்டபொழுது என்னிடம் முன்னர் யாப்புப் பயின்ற மாணாக்கன் ஒருவன் என் நினைவில் வந்தான். மூன்றாமடியைச் செப்பஞ் செய்யும் பொருட்டு முதலடியின் எதுகையையும் மாற்றிய நிலையில் ஏட்டைக் கொணர்ந்தான். நான் வினவவில்லை. நேற்றிருந்த எதுகையும் இன்றில்லையே என்று கடிந்து, சிவப்பு மையாற் குறுக்கே கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் அவன் செய்யுள் கொண்டு வந்ததில்லை. அவன் பிழைத்தானல்லன், பாதிவழியில் நின்றான். அங்கு நிறுத்தியவன் நானே.

அன்றிரவு பன்னிருமுகி ஒழுங்காயிற்று. மருமகன் மகிழ்ந்தான், எனக்கோ அம்மகிழ்ச்சி முழுமை பெறவில்லை. இப்பொழுது மாணாக்கர் குலைந்த வெண்பாவைக் கொணர்ந்தால், சிவப்பு மையைத் தொடுமுன், "எதைச் செய்யப் போகிறாய், தம்பி?" என்று கேட்கிறேன். சிலர் விடை சொல்கின்றனர். சிலர் ஏட்டை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் முடித்து வருகின்றனர். அந்தப் பழைய மாணாக்கன் இவ்வேட்டைப் படிப்பவனாயின், அவ்வெண்பாவை இன்னும் வைத்திருந்தால், கொண்டு வரலாம். மீதியைச் சேர்ந்திருந்து முடிப்போம்.