தேக்கடி ஏரியில் தூண்டில் போடலாமா?

கோடை விடுமுறைக்குத் தேக்கடி போவதென்று தீர்மானமாகிவிட்டால் போதும். புளியோதரைப் பொட்டலத்தோடு பையனின் தூண்டிலும் பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். "அத்தனை பெரிய ஏரியிலே ஒரு மீனாவது அகப்படாதா, அம்மா?" என்பான். நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்திலிருந்து கோம்பை, உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளி மலை ஏறினால் ஏரி வந்துவிடும். கர்னல் பென்னி குவிக் 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையால் உண்டான ஏரி இது. பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். மலை இடுக்குகளிலெல்லாம் தண்ணீர் புகுந்து, திரும்பிய பக்கமெல்லாம் ஒரு குடா. தக்கையை மிதக்கவிட்டுக் காத்திருக்க இதைவிட நல்ல இடம் ஏது!

ஆனாலும், பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் "கூடாது" என்பதுதான். 1978 முதல் இது புலிகள் காப்பகம். அங்கே மீன் பிடிப்பவர்கள், அனுமதி பெற்ற மன்னான், பளியர் பழங்குடி மக்களே.

அந்த உரிமைக்கும் ஒரு கதை உண்டு. 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் இந்த இடத்தை 999 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தபோது, மீன்பிடி உரிமையும் சேர்ந்தே சென்னை ராஜதானிக்கு வந்தது. 1970-இல் செய்த ஒப்பந்தத்தில் தமிழ்நாடு அதைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. தண்ணீர் நமக்கு, மீன் அவர்களுக்கு!

மீன் என்றால் சாமானிய மீனா? சென்னை மீன்துறையின் தலைவராக இருந்த சுந்தரராஜ் 1941-இல் இங்கிருந்து புதிய மீன் இனங்களை உலகுக்கு அறிவித்தார். அவற்றில் ஒன்றை, இமயமலைக் குளிர்ந்த ஆறுகளில் வாழும் மீன்களுக்கு உறவு என்றே அப்போது எண்ணினார்கள். பெரியாற்றின் இந்த மலைப்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது.

அந்த வீட்டுக்காரர்களை இப்போது விருந்தாளிகள் நெருக்குகிறார்கள். சாதாக் கெண்டை ஒன்று. நாம் குழம்பு வைக்கும் ஜிலேபி மற்றொன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். குஞ்சுகளுக்கு ஆபத்தென்றால் மறுபடி வாய்க்குள் அழைத்துக்கொள்ளும். இத்தனை அருமையாக வளர்த்தால் வம்சம் பெருகாமல் என்ன செய்யும்? போதாததற்கு, அரசாங்கம் வளர்க்கத் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இந்த ஏரியில் அகப்பட்டிருக்கிறது. இரைக்கும் இடத்துக்கும் போட்டி வந்தால், வேறு ஊர் இல்லாத மீன் எங்கே போகும்?

தூண்டிலில் அகப்பட்ட மீனை மெல்ல முள்ளை எடுத்துத் திரும்ப நீரில் விட்டுவிடலாம். விளையாட்டாகப் பிடிப்பவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஏரியில் குடியேறிப் பெருகிவிட்ட அந்நிய மீனைத் திரும்ப அழைக்கத்தான் ஒருவராலும் முடிவதில்லை.

ஆகவே, தூண்டில் ஆசையை அனுமதியுள்ள குளத்தில் தீர்த்துக்கொள்ளட்டும். இன்னொன்றையும் பையனுக்குச் சொல்லி வையுங்கள். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீன் அலுத்துப்போனால், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியிலோ ஆற்றிலோ விட வேண்டாம். வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடலாம். ஆசைப்படும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்கலாம். அதுவே அந்த ஏரி மீன்களுக்கு நாம் செய்யும் புண்ணியம்.