பழைய காரியாலயமும் புதிய கட்டிடமும்

யாழ்ப்பாணத்தில் பழைய ஓட்டு வீடொன்றைப் பிரிப்பவர்கள் முதலில் ஓட்டை இறக்கி அடுக்குவார்கள். பின்னர் சிலாகையும் வளையும் தீராந்தியும் ஒவ்வொன்றாக இறங்கும். வைரமேறிய பனைமரத்தை விறகாக்க எவருக்கும் மனம் வராது. கதவுநிலை வேறொரு வீட்டுக்கு வாசலாகும். கல் மற்றொரு சுவருக்கு அத்திவாரமாகும். இப்பழக்கத்துக்கு எவரும் தனிப்பெயர் சூட்டியதில்லை. மேலைநாட்டு நகரங்களிலோ, மாடிக் காரியாலயங்களைப் புதுப்பிக்கும் தொழிலில் இதே பழக்கம் பல்லாண்டுகளாக மறக்கப்பட்டிருந்து, இப்பொழுது பெருமுயற்சியோடு மீண்டும் கற்கப்பட்டு வருகின்றது. மறந்தது எளிதாயிருந்தது, மீளக் கற்பதுதான் கடினமாயிருக்கின்றது.

இலண்டன் போன்ற ஒரு நகரத்திலே வர்த்தக நிறுவனம் ஒன்று மாடியொன்றைச் சில ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கின்றது என்று கொள்வோம். அம்மாடியின் உண்மையான தரை கொங்கிறீற்று. அதன்மேல் சிறு உருக்குக் கால்களை நிறுத்தி, இரண்டடிச் சதுரப் பலகைகளை வரிசையாகப் பரப்பி, இரண்டாவது தரை ஒன்று அமைக்கப்படும். மின்கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் இவ்விரு தரைகளுக்கும் இடையே ஓடும். பலகைமேல் சதுரஞ் சதுரமாகக் கம்பளம். மேலே, கூரைத் தளத்தை மறைத்துத் தொங்கும் மற்றொரு கூரை. நடுவே கண்ணாடித் தடுப்புகள், கதவுகள், விளக்குகள். குத்தகை முடிந்து நிறுவனம் வெளியேறும்பொழுது, இடத்தை எடுத்தபடியே ஒப்படைக்கவேண்டும் என்ற நிபந்தனையால், இவற்றுட் பலவற்றைப் பெயர்த்தெடுக்க வேண்டியதாகின்றது. அடுத்து வருபவர் தம் விருப்பப்படி அனைத்தையும் புதிதாக வாங்குவார். இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. புதிய கட்டிடத்தின் உடைமையாளர், வாடகைக்கு வருவோரின் கண்ணைக் கவரும்பொருட்டுக் கம்பளமும் தொங்கு கூரையும் இட்டுவைப்பார். வருபவரோ ஒருநாளும் பயன்படுத்தாமலே அவற்றைப் பெயர்த்தெறிந்து தமக்கு வேண்டியதை அமைத்துக்கொள்வார்.

எறியப்படும் பலகை பழுதுபட்டதன்று. அது எறியப்படுவதற்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று காலம், மற்றொன்று பிணைப்பு.

காலத்தை முதலில் நோக்கலாம். வாடகை வராத ஒவ்வொரு நாளும் உடைமையாளருக்கு நட்டம். ஆகவே இடிக்கும் ஒப்பந்தக்காரருக்குச் சில வாரங்களே கொடுக்கப்படுகின்றன. பொருளை வாங்கக்கூடியவர் அதே நகரத்தில் இருந்தாலும், அவருக்கு அது தேவைப்படுவது ஆறுமாதங் கழித்தாக இருக்கலாம். அதுவரை வைத்திருக்கக் களஞ்சியம் வேண்டும். களஞ்சியத்துக்கு வாடகை வேண்டும். குப்பைத் தொட்டியே மலிவாகிவிடுகின்றது.

பிணைப்பைப் பற்றி அறிய, கேட்போர் தாம் இருக்கும் அறையைச் சுற்றி ஒருமுறை நோக்கினாலே போதும். புரியாணியால் பூட்டிய கதவு முழுதாகக் கழன்று வரும். சீமெந்தில் பதித்த தரையோடு உடைந்தே வரும். முன்னாளிற் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரிலே சாந்து செங்கல்லிலும் மென்மையானது. ஆதலின் கல்லைப் பிரித்துத் துடைத்து மீண்டும் அடுக்கலாம். வலிய சீமெந்துச் சாந்திலோ, சாந்தைப் பிரிக்கப்போனால் கல்லே நொறுங்கும். விரைவையும் வலிமையையும் தந்த சீமெந்தும் பசையும், பிரித்தெடுக்கும் வசதியைக் கட்டியவர் அறியாமலே பறித்துக்கொண்டன.

சட்டமும் இதிலே முழுத் துணை செய்ததாகத் தோன்றவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டில் விதித்த கழிவுக் கட்டளையில், பொருளை மறுபடி பயன்படுத்துவதே உருக்கியோ அரைத்தோ வேறாக்குவதிலும் மேலானது என்ற ஒழுங்கு தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. அதே கட்டளை, கட்டிடக் கழிவிலே நிறைப்படி நூற்றுக்கு 70 பங்கை 2020ஆம் ஆண்டளவில் குப்பையிலிருந்து மீட்கவேண்டும் என்றும் குறித்தது. ஆனால் கொங்கிறீற்றை நொறுக்கிப் பள்ளத்தை நிரப்பினாலும் அது இக்கணக்கிலே சேரும். நிறையை அளவாகக் கொண்டால் கொங்கிறீற்றே வெல்லும். நல்ல தேக்கங்கதவு தராசிலே எம்மாத்திரம்?

பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்ஸ் நகரில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'றோற்றர்' என்னும் குழுவினர் இத்தராசை நம்பாதவர்கள். பழைய காரியாலயங்கள் இடிபடுமுன் உள்ளே சென்று, எவை கழற்றத்தக்கவை, எவற்றுக்கு வாங்குவோர் உண்டு என்று பட்டியல் எழுதுவதும், பின் கழற்றித் துப்புரவாக்கி விற்பதும் இவர்கள் தொழில். தரையோடுகளின் அடியில் ஒட்டிய சீமெந்தைப் போக்கும் முறையையுங் கைவரப்பெற்றார்கள். தனித்தனியே நோக்கினால் ஒரு கைபிடிக்கோ விளக்குக்கோ பெரிய விலை இல்லை. ஆயினும் காரியாலயக் கட்டிடத்திலே ஒரே வகையான கைபிடி நூற்றுக்கணக்கில் இருக்கும். வீடுகளிற் கிடைக்காத வசதி இது. ஒரே அளவில், ஒரே தன்மையில், வேண்டிய தொகை கிடைப்பதால் சிற்பி அதனைத் தம் வரைபடத்திலே துணிந்து சேர்க்கலாம்.

வரைபடம் என்றதும் மற்றொரு சிக்கல் எழுகின்றது. வழக்கத்தின்படி முதலில் வரைபடம், பின்னர் பொருள். பழம்பொருளை நம்புகிறவரோ கிடைத்த பொருளைக் கண்டபின்பே வரையமுடியும். சுவிற்சர்லாந்தின் விந்தர்தூர் நகரில், சுல்சர் இயந்திரசாலை இருந்த நிலத்திலே, பழைய கட்டிடம் ஒன்றின்மேல் மூன்று மாடிகள் எழுப்பப்பட்டு 2021ஆம் ஆண்டில் நிறைவெய்தின. அதன் உருக்கு விட்டங்கள் பாசல் நகரத்துப் பண்டகசாலை ஒன்றிலிருந்து வந்தவை. செந்நிற அலுமினியத் தகடுகள் உள்ளூர் அச்சகம் ஒன்றிலிருந்து வந்தவை. வெளியே நிற்கும் உருக்குப் படிக்கட்டோ, சூரிச் நகரத்திலே இருந்த 'ஓரியன்' என்னும் காரியாலயக் கட்டிடத்துக்குரியது. படிக்கட்டை வெட்டித் திருத்துவதற்குப் பதிலாக, அதன் உயரத்துக்கு இசையவே புதிய மாடிகளின் உயரம் அமைக்கப்பட்டது. காலுக்கேற்பச் செருப்பு என்பது உலகவழக்கு. இங்கே செருப்புக்கேற்பக் கால் வளர்ந்தது. பச்சைவீட்டு வாயுக்களின் வெளியேற்றம், எல்லாம் புதிய பொருளாற் கட்டியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதிலும் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு குறைந்தது. பொருளுக்கு மிஞ்சிய பணம், தேடுவதற்கும் கழற்றுவதற்கும் கூலியாகச் சென்றது. பணம் சுரங்கத்துக்கும் சூளைக்கும் போகாமல் தொழிலாளியின் கைக்குப் போவதை நட்டம் என்று சொல்லத் தோன்றவில்லை.

எல்லாப் பழம்பொருளையும் நம்பி எடுக்கலாமா என்றால், ஆகாது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கட்டிய காரியாலயங்களில் அஸ்பெஸ்தோசு கூரையிலும் குழாய்களின் உறையிலும் மறைந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. முதலிற் சோதனை, பின்னரே கழற்றுதல். பாரந்தாங்கும் உறுப்புகளிலோ கேள்வி இன்னுங் கடுமையானது. ஐம்பது ஆண்டு நின்ற கொங்கிறீற்றுப் பலகம் இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும் என்று கையொப்பம் இடுபவர் யார்?

இக்கேள்வி நோர்வே நாட்டின் தலைநகரான ஒஸ்லோவிலே நேராக எழுந்தது. அங்கே கிறிஸ்தியன் ஆகுஸ்த் வீதியின் 13ஆம் இலக்கத்தில் 1950களிற் கட்டப்பட்ட காரியாலயம் ஒன்றைப் புதுப்பித்து, பக்கத்தே புதிய பகுதியும் சேர்க்கையில், பெரும்பாலும் பழம்பொருளையே பயன்படுத்துவதென உடைமையாளர் முடிவுசெய்தனர். புதிய பகுதியின் தளத்துக்கு உட்புழையுள்ள கொங்கிறீற்றுப் பலகங்கள் தேவைப்பட்டன. அரசாங்கக் காரியாலய வளாகத்திலே இடிபடவிருந்த ஒரு கட்டிடத்திலிருந்து அவை கொண்டுவரப்பட்டன. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் குண்டுவெடிப்புக்கு இலக்கான வளாகம் அதுவே. தளத்தை வாளால் அறுத்து, பலகங்களைப் பாரந்தூக்கியால் இறக்கி, வலிமையைச் சோதித்து, பின்னரே புதிய இடத்தில் ஏற்றினார்கள். செலவு புதிய பலகத்திலும் மிகுந்தது. காரணம், இப்படிச் சோதிப்பதற்கு எழுதிய விதி எதுவும் அந்நாளில் இருக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் பொறியியலாளர் தாமே வழி காணவேண்டியதாயிற்று. அவ்வனுபவத்தின் பின், 2022ஆம் ஆண்டில், பழைய கொங்கிறீற்றுப் பலகங்களை எவ்வாறு எடுத்து எவ்வாறு சோதிக்கவேண்டும் என்பதற்கு நோர்வே நாடு ஒரு நியமம் வகுத்தது. இப்பொழுது அங்கே ஒரு காரியாலயத்தை இடிக்கப் போகின்றவரிடம், அதன் தளம் வேறெங்கேனும் நிற்குமா என்று கேட்பதற்கு அச்சிட்ட தாள் ஒன்று இருக்கின்றது.