தறியாளரின் தோள்வலியும் அதற்குரிய பயிற்சியும்

பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுக்கக் கையை உயர்த்தினால் தோளின் வெளிப்புறத்தில் சுருக்கென ஒரு வலி. சட்டைக்குள் கையை நுழைப்பதே பெரும்பாடு. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் உறக்கம் கலைகிறது. நெடுங்காலம் தறியில் இருந்த நம் அங்கத்தினர்களுக்கு இவை புதியனவல்ல. வாயு என்றும் சுளுக்கு என்றும் சொல்லி, எண்ணெய் தடவி உருவிக்கொள்கிறோம். இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் தறியில் அமர்ந்தால் பழைய கதைதான். நெய்த துணிக்கே கூலி பெறுகிறவருக்குக் கை ஓய்ந்தால் அடுப்பும் ஓய்ந்துவிடும். ஆதலின் இவ்வலி எவ்வாறு உண்டாகிறது, நாமே செய்துகொள்ளத்தக்க பரிகாரம் யாது என்பதைச் சிறிது விளக்குவோம்.

தொடை எலும்பின் தலை, இடுப்பிலுள்ள ஆழமான குழிக்குள் பொருந்தியிருக்கிறது. தோளில் அத்தகைய குழி இல்லை. கை எலும்பின் உருண்டையான தலை, ஆழமற்ற ஒரு சிறு கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது; தட்டின்மேல் எலுமிச்சம்பழம் வைத்தாற் போல என்று கொள்ளலாம். கை எல்லாத் திசைகளிலும் சுழல்வதும் இதனால்தான்; எளிதில் நிலை பிறழ்வதும் இதனால்தான். பழம் உருண்டோடாமல் காப்பவை நான்கு சிறு தசைகள். தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, ஒன்று முன்புறமாகவும் ஒன்று மேலாகவும் இரண்டு பின்புறமாகவும் வந்து அவ்வுருண்டையைக் கவ்வியிருக்கின்றன. இவற்றை ஒருங்கே ரொடேட்டர் கஃப் என்பர் வைத்தியர். கையைத் தூக்கும் புயத்தின் பெரிய தசை, உருண்டையை மேல்நோக்கி இழுக்கப் பார்க்கும். இச்சிறு தசைகளே அதனைக் கிண்ணத்தின் நடுவில் நிறுத்துகின்றன. அவை களைத்துப் போனால், மேற்புறமாகச் செல்லும் தசைநாண் தன் சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமந்து நோவெடுக்கிறது. வயது ஏற ஏற அந்த நாண் தானாகவும் நைந்து வரும்.

இனி நம் தொழிலைப் பார்ப்போம். அங்குலத்துக்கு 60 ஊடை இழை விழும் துணி என்று வைத்துக்கொண்டால், 5½ மீட்டர் சேலை ஒன்றை முடிக்க நாடாவை ஓட்டும் கயிற்றை ஏறக்குறைய 13,000 தடவை இழுத்தாக வேண்டும். அவ்வளவும் ஒரே கையால்; ஒரே போக்கில். இவ்விழுப்பினால் மார்பு, முதுகுத் தசைகள் உரம் பெறுகின்றன. கையை வெளிப்புறமாகத் திருப்பும் பின்தசைகளுக்கோ அந்த வாய்ப்பு இல்லை. நாள் முழுதும் மருந்து தெளிப்பானின் பிடியை அடிக்கும் விவசாய அன்பர்களுக்கும், மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிறவர்களுக்கும் இந்நிலை ஏற்படலாம்.

முழு ஓய்வு இதற்கு மருந்தாகாது. ஓய்ந்த தசை மேலும் நலியும். 2012-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்தில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கவனிக்கத்தக்கது. தோள் அறுவைக்குக் காத்திருந்தவர்களுள் ஒரு சாராருக்கு இத்தசைகளை உரப்படுத்தும் பயிற்சியை மூன்று மாதம் அளித்தனர். மறு சாராருக்குப் பொதுவான அசைவுகளை மட்டும் கற்பித்தனர். முன்னவரில் ஐந்தில் ஒருவரே பின்பு அறுவையை நாடினார். பின்னவரில் பாதிக்கும் மேற்பட்டோர் நாடினர். கத்திக்குப் போகுமுன் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

வலி கடுமையாக இருக்கும் நாட்களில், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோவுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்டினால் போதும். வலி சற்றுத் தணிந்ததும் சுவரருகே நிற்க. முழங்கையை மடித்து விலாவோடு சேர்த்துக்கொண்டு, புறங்கையால் சுவரை ஐந்து விநாடி அழுத்தி விடுக. கை நகராது, தசை மட்டும் இறுகும். பத்து முறை செய்யலாம்.

முக்கியமான பயிற்சி அடுத்ததுதான். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி எடுத்த பட்டை ஒன்று போதும். கடையில் விலை கொடுத்து வாங்கும் ரப்பர் பட்டை செய்யும் வேலையை இது செய்யும். பட்டையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலாகக் கட்டுக. ஜன்னல், நல்ல கையின் பக்கம் இருக்குமாறு நிற்க. நோவுள்ள கையின் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துக்கொள்க. துண்டு நழுவினால் முழங்கை விலகுகிறது என்று பொருள். முழங்கையைச் செங்கோணமாக மடித்து, பட்டையை வயிற்றருகிலிருந்து வெளிப்புறமாக, கதவு திறப்பது போல இழுக்க வேண்டும். இழுப்பதைவிடத் திரும்பி வரும்போது அதிக நிதானம் தேவை. பட்டை வெடுக்கென்று கையை இழுத்துப் போகவிடலாகாது. பத்துப் பன்னிரண்டு தடவையாக மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். பிறகு திரும்பி நின்று உட்புறமாகவும் இழுக்கலாம். இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் நெருக்கி ஐந்து விநாடி நிறுத்துவதைத் தார் மாற்றும் இடைவேளையிலேயே, குழியை விட்டு எழாமலே செய்துவிடலாம்.

செய்யும்போது சிறிது வலி இருப்பின் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலையிலும் அது தணியாதிருந்தால் அளவு மிகுந்துவிட்டதென்று கொண்டு பட்டையைத் தளர்த்துக. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகும். பத்து நாளில் கைவிட்டுப் "பயனில்லை" என்போர் நம்மிடையே அநேகர்.

சிலருக்கு இது பொருந்தாது. கீழே விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாமற் போனால் நாண் அறுந்திருக்கக்கூடும். தாமதியாது வைத்தியரிடம் செல்க. பிறர் பிடித்து உயர்த்தினாலும் கை நகராதிருப்பது தோள் இறுக்கம் என்னும் வேறு நோய். நீரிழிவுடையோருக்கு இது மிகுதியாக வரும், சிகிச்சையும் வேறு. தோள்வலியுடன் மார்பு அடைத்து வியர்க்குமானால் அது இருதயத்தின் குறியாகலாம்; அப்பொழுது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

பயிற்சி நடக்கும் நாட்களிலும் தறி ஓடத்தானே வேண்டும்? கயிற்றின் பிடி தோளுக்கு மேலே தொங்குமாயின் கயிற்றை நீட்டி, முழங்கை உடலை ஒட்டியே இருக்கும்படி பிடியைத் தாழ்த்திக் கட்டிக்கொள்க.