ஆடிப் பதினெட்டும் அங்கத்தினர் கடமையும்

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் நம் தர்மபுரி மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் தறியோசை ஒரு நாள் ஓய்ந்திருக்கும். கட்டுச்சோற்றுடனும் பிள்ளைகுட்டிகளுடனும் ஒகேனக்கல்லை நோக்கிப் புறப்படும் குடும்பங்கள் பல. உழைத்த உடலுக்கு ஒரு நாள் களிப்பு வேண்டுவதே. ஆயினும் அந்த ஒரு நாளில் நேரும் விபத்து, ஓராண்டுச் சம்பாத்தியத்தை விழுங்கிவிடக்கூடும்.

தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் இதனை நேரிற் கண்டோம். ஆற்றுக்குப் போய்ச் சரக்கு வண்டியில் திரும்புகையில் வண்டி சாய்ந்து, அங்கத்தினர் ஒருவரின் தம்பிக்கு வலத் தோள் முறிந்தது. ஆறு மாத காலம் தறியில் உட்கார இயலவில்லை. நஷ்ட ஈடு கோரலாமென்றால் இரு தடைகள் எழுந்தன. ஏறிச் சென்றது சரக்கு வண்டி. அவர் நெய்த கூலியோ பேரேட்டில் தமையனார் பெயரில் இருந்தது. “பத்து வருஷமாக நெய்கிறேன், ஐயா. என் பெயரில் ஒரு வரிகூட இல்லையே!” என்றார். நம்மிடம் விடையில்லை.

நிற்க. விபத்து வழக்குகளில் முக்கியமாக எழும் வினாக்கள் இரண்டு: பொறுப்பேற்றவர் உரிய ஜாக்கிரதையுடன் நடந்தாரா? பாதிக்கப்பட்டவர் தம் பங்கிற்கு எச்சரிக்கையாய் இருந்தாரா?

1995 மே 28 அன்று பதான்கோட் பகுதிப் பள்ளியொன்றிலிருந்து உல்லாசப் பயணம் சென்ற 14 சிறுவர் சிறுமியர் பியாஸ் நதியில் மூழ்கி மாண்டனர். ஒவ்வொரு குழந்தைக்கும் ரூ. 5 லட்சம் ஈடு தரவேண்டுமென்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அழைத்துச் சென்றவரின் பொறுப்பு பள்ளி வாசலோடு முடிவதில்லை என்பதே இதன் பொருள். அங்கத்தினர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் சங்கங்களும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஒகேனக்கல்லில் வானத்தைப் பார்த்து ஆற்றை மதிப்பிடலாகாது. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் நீர் திறக்கப்பட்டால், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கையிலேயே வெள்ளம் வந்து சேரும். வரும் நீரை மத்திய நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் அளவிடுகிறது. நீர்வரத்து மிகும்போது மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை விதிக்கிறது. அத்தடை நம் உயிருக்கு வேலி.

கட்டணம் செலுத்திப் பரிசலில் ஏறுபவர் சட்டப்படி நுகர்வோர் ஆவார். சேவைக் குறைபாட்டால் தீங்கு நேரின், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம்; ஆகவே கட்டணச் சீட்டைப் பத்திரப்படுத்துக. ஆனால் மிதவை உடுப்பைக் கழற்றி வைத்தவரும், தடையை மீறி இறங்கியவரும் தம் கவனக்குறைவால் ஈட்டுத் தொகை குறையவோ, உரிமையே இழக்கவோ நேரிடும்.

வண்டி விஷயம் இன்னும் கண்டிப்பானது. சரக்கு வண்டியில் கூலியின்றி ஏறிச் செல்லும் பிரயாணிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாதென உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. பின்னர் ஈடு கேட்க வேண்டியது வண்டிக்காரரிடம். அவரோ பெரும்பாலும் நம் பங்காளியாகவோ பக்கத்து வீட்டாராகவோ இருப்பார். உறவும் போய்ப் பணமும் வராமற் போகலாம். பஸ்ஸில் நின்றுகொண்டு போவது இதனினும் மேல். சாலை விபத்துக்கான மனுவை ஆறு மாதத்திற்குள் தாக்கல் செய்வதே பாதுகாப்பு.

இனி, கணக்கு. இழந்த வருமானத்தைக் கொண்டே ஈட்டுத் தொகை பெரிதும் நிர்ணயிக்கப்படும். கூலிப் பட்டியல், பால் சங்கப் பாஸ் புத்தகம், பட்டுக்கூடு விற்ற சீட்டு ஆகியவை அப்போது சாட்சி பேசும். நெய்கிறவர் பெயரில், பால் ஊற்றுகிறவர் பெயரில் பதிவு இருத்தல் வேண்டும். தார் சுற்றும் பெண்டிரின் உழைப்பும் உழைப்பே. அதுவும் ஏட்டில் ஏறட்டும். வக்கீல் வைக்க வசதியில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவர்கள் இலவச உதவி பெறலாம்.

எனவே, ஆடி பிறக்குமுன் ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் இரு காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம். நீர்வரத்தையும் தடையுத்தரவையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கூலிப் பதிவேட்டைத் திறந்து, உண்மையில் உழைப்பவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்சொன்ன சங்கத்தில் இவ்வாண்டு புதிதாகப் பதினொரு பெயர்கள் ஏறியிருக்கின்றன. அவற்றுள் முதற் பெயர் அந்தத் தம்பியினுடையது.