37,000 அடி உயரத்தில் ஒரு பாறு

1973ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதியன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் துறைமுக நகரமாகிய அபிஜானுக்கு மேலே, 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த வர்த்தக விமானம் ஒன்று பறவையொன்றின் மீது மோதிற்று. எஞ்சின்களில் ஒன்று பழுதுபட, அதை நிறுத்திவிட்டு விமானம் க்ஷேமமாகவே தரையிறங்கியது. எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே ஏறக்குறைய 8,000 அடி உயர்ந்த அவ்விடத்தில் பறவை ஒன்று இருந்தது என்று வெறும் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால் நம்புவார் இருந்திருக்க மாட்டார்கள்; விமானத்தில் எஞ்சியிருந்த சில இறகுகள் சேகரிக்கப்பட்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தமையால்தான் அந்தச் சம்பவம் சாஸ்திர உலகத்தில் இடம்பெற்றது.

அந்த இறகுகளை ஆராய்ந்தவர் ராக்ஸி லேபோர்ன் என்ற அம்மையார். இவர் இத்துறைக்கு வந்ததற்கே காரணம் ஒரு பெரும் விபத்துதான். 1960 அக்டோபர் 4ஆம் தேதி, பாஸ்டன் நகர விமான நிலையத்திலிருந்து கிளம்பிய எலெக்ட்ரா விமானம் ஒன்று பறவைக் கூட்டத்தினுள் புகுந்து, எஞ்சின்கள் வலுவிழந்து நீரில் வீழ்ந்தபோது 62 பேர் மாண்டனர். எஞ்சின்களுக்குள் கிடந்த சிதைவுகளைப் பரிசோதித்து, அவை நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் என்னும் சிறு பறவைகளுடையவை என்று நிர்ணயித்தவர்களுள் அவரும் ஒருவர். இறகின் அடிப்பாகத்தில் பஞ்சுபோல் இருக்கும் நுண்ணிழைகளில் அமைந்துள்ள கணுக்களின் வடிவமும் நிறமும் பறவைக் குலத்துக்குக் குலம் வேறுபடுவதைப் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படித்து, பின்னர் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் பாதுகாக்கப்பட்ட பறவை உடல்களோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும் ஒரு தனிக் கலையையே அவர் உருவாக்கினார். அந்தக் கலை அபிஜான் இறகுகளைக் கண்டு சொன்ன பெயர் ருப்பெல் பாறு. அதாவது, இரண்டரை மீட்டர் அகலத்துக்குச் சிறகு விரிக்கும், ஆப்பிரிக்கப் பிணந்தின்னிக் கழுகு.

இரை தேடும் பாறுக்கு அவ்வளவு உயரத்தில் என்ன அலுவல்? செத்த மிருகத்தின் உடலைத் தரையில் கண்டுபிடிக்க அதில் நாலில் ஒரு பங்கு உயரமும் வேண்டியதில்லை. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கே. குளிரோ உறைநிலைக்கு வெகு கீழே. பிராணவாயுக் கருவியின்றி அங்கே விடப்பட்ட மனிதன் ஒரு நிமிஷத்துக்குள் நினைவிழப்பான். நமது நுரையீரல் கொல்லன் துருத்தியைப்போல் வந்த வழியிலேயே காற்றை வெளிவிடுவது. பறவைகளுக்கோ, உடலெங்கும் பரவிய காற்றறைகளின் உதவியால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதிய காற்று ஒரே திசையில் நுரையீரலின் ஊடே சென்றுகொண்டிருக்கிறது. மேலும் ருப்பெல் பாறின் இரத்தத்தில், பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் சக்தியில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பலவகை ஹீமோகுளோபின்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். சிறகடித்துச் சிரமப்படாமல், வெயிலால் சூடேறி எழும் காற்றில் மிதந்தே மேலேறும் சுபாவமும் அதற்குத் துணை.

இவையெல்லாம் அந்தப் பறவை அங்கே உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்பதை விளக்குமேயொழிய, அங்கே உலவுவது அதன் வழக்கம் என்று நிரூபிக்கமாட்டா. உஷ்ணமண்டலத்து இடிமேகங்கள் 40,000 அடிக்கும் மேலே எழுபவையாதலால், அத்தகைய மேகமொன்றின் மேல்நோக்கிய காற்றில் அகப்பட்டு அது தூக்கிச் செல்லப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். ஒரு விபத்தைக் கொண்டு ஓர் இனத்தின் வாழ்க்கைமுறையைத் தீர்மானிப்பது நியாயமன்று என்பதற்கு வரித்தலை வாத்தின் கதையே சாட்சி. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வரும் இந்த வாத்து எவரெஸ்டுக்கு மேலே பறக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். உடலில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்த உச்ச உயரமோ 7,290 மீட்டர்தான், அதுவும் அபூர்வமாக. மலைச்சரிவுகளை ஒட்டி, ஏறியும் இறங்கியுமே அது பெரும்பாலும் பிரயாணம் செய்கிறது.

உண்மையான அபாயம் தரைக்கு அருகில்தான் இருக்கிறது. 1905ஆம் ஆண்டிலேயே ஆர்வில் ரைட் ஒரு வயலுக்கு மேலே பறவைகளைத் துரத்திப் பறந்து ஒன்றின்மேல் மோதியதாகக் குறிப்பு உண்டு. 1912இல் கால்பிரெய்த் ராட்ஜர்ஸ் என்ற அமெரிக்க விமானி கடற்காகம் ஒன்றினால் உயிரிழந்தார். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் வாத்துக் கூட்டத்தால் இரண்டு எஞ்சின்களும் வலுவிழந்து, 155 பேருடன் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானம் அப்போது இருந்தது சுமார் 2,800 அடி உயரத்தில். ஆயினும் உயரத்தில் நேரும் மோதல் இலேசானதன்று. மோதலின் வேகம் இரட்டித்தால் அதன் வலிமை நான்கு மடங்காகும் என்பது கணக்கு. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கும் ஏழு கிலோ எடையுள்ள பாறுக்கும் நேரும் மோதல், ஒரு டன் எடையுள்ள பொருளை 22 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். எஞ்சின்களுக்கு இன்று நடத்தப்படும் பரிசோதனையில் உள்ளே செலுத்தப்படும் மிகப் பெரிய பறவையின் எடையே 3.65 கிலோதான், அப்போதும் எஞ்சின் தொடர்ந்து ஓடவேண்டும் என்பது நிபந்தனையன்று, தீப்பற்றாமலும் வெடித்துச் சிதறாமலும் அடங்கினால் போதும்.

ஆகவே பறவைகளைத் தடுக்கும் முயற்சியெல்லாம் ஓடுபாதையைச் சுற்றியே நடைபெறுகிறது. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் மிருகங்களை அறுப்பதையும் தோலுரிப்பதையும், பாறுகளையும் ஏனைய பறவைகளையும் ஈர்க்கும் குப்பைகூளங்களைக் கொட்டுவதையும் தடை செய்கிறது. பறவைகளுள் பாறு ஒன்றையே அவ்விதி பெயர்சொல்லிக் குறிப்பிடுவது கவனிக்கத்தக்கது. ஆனால் கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தினால் 1990களிலிருந்து இந்தியப் பாறுகள் பெரும்பாலும் மாண்டுபோனமையால், குப்பைமேடுகளைத் தேடி விமான நிலையங்களின்மேல் இன்று வட்டமிடுகிறவை பெரும்பாலும் பருந்துகளே.